பச்சை பெயிண்டைப் பார்த்து ஏமாந்தேன்: பழைய திரெட் ரோலிங் மெஷின் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போல்ட் பட்டறை வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கோவை கணபதிப் பக்கம் எனக்குச் சின்னப் பட்டறை. போல்ட்டுக்குத் தலை அடிக்கிற ஹெட்டிங் மெஷின் ஒன்று, எம்8 (8 மி.மீ. போல்ட்) வரைக்கும் மரை போடுகிற ரோலிங் மெஷின் ஒன்று, அவ்வளவுதான். எம்10 ஆர்டர் வந்தால் பிளாங்கை, அதாவது மரை போடாத போல்ட்டை, மூட்டை கட்டி வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் திருப்பித் தருகிற நாள்தான் நமக்குத் தீபாவளி. அது சலித்துப்போய், எம்10, எம்12 தாங்குகிற பழைய ஃப்ளாட் டை (தட்டை அச்சு) ரோலிங் மெஷின் தேடியபோது ஒரு டீலர் அகப்பட்டார். பெயர் வேண்டாம். தைவானில் இருந்து வந்தது, முழுசாக ரீகண்டிஷன் செய்திருக்கிறோம், நாலேகால் லட்சம் என்றார். "தைரியமா எடுங்க தம்பி, நம்ம மெஷினுங்க. ஒரு ஃபோன் போட்டா நானே ஆளோட வந்து நிப்பேன்."

ட்ரையலும் காட்டினார். எம்10 டை கைவசம் இல்லை என்று எம்6 டையை மாட்டி ஓட்டினார். தட்டில் விழுந்ததெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது, நானும் அதோடு சேர்ந்து விழுந்தேன். இத்தனைக்கும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ரோலிங்கில் இரும்பை வெட்டி எடுப்பதில்லை, இரண்டு டைக்கு நடுவே பிளாங்க் உருளும்போது இரும்பு நசுங்கிப் பிதுங்கி மரையாக எழும்புகிறது. எம்6க்கு பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, 1 மி.மீ., எம்10க்கு 1.5, இரண்டுக்கும் மெஷின் வாங்குகிற அழுத்தம் ஒன்றா? அதுவும் அவர் போட்டது மெத்தென்ற லோ கார்பன் கம்பி, நான் ஓட்டுவது 8.8 கிரேடு என்கிற பலமான போல்ட்டுக்கான சரக்கு. காலி லாரியை மேடு ஏற்றிக் காட்டி விற்ற கதைதான். நம் பிளாங்க் ஒரு சாக்கு, நம் டை ஒரு செட் எடுத்துப்போய் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பட்டறையில் இறக்கி எம்10 போட்டோம். முதல் இருநூறு பீஸ் சரியாகத்தான் வந்தது. மெஷின் சூடேறியதும் ஆரம்பித்தது ஆட்டம். நாலைந்து பீஸுக்கு ஒன்று மரை இரட்டையாக விழுகிறது, நகத்தால் கீறினால் செதில் செதிலாக உரிகிறது. 6ஜி என்கிற டாலரன்ஸ் வரம்பில் எம்10 பிட்ச் டயாமீட்டர் (மரையின் நடு உயரத்து விட்டம்) 8.862க்கும் 8.994க்கும் நடுவே நிற்க வேண்டும், மொத்த இடமே 0.132 மி.மீ. எங்கள் பீஸில் ஒன்றுக்கு, ஏற வேண்டிய கோ ரிங் கேஜ் ஏறாது, அடுத்ததில், ஏறவே கூடாத நோ கோ ரிங்கே வழுக்கிக்கொண்டு போகும். டையை ஏற்றி இறக்கி மேட்ச் பார்த்தோம், பிளாங்க் சைஸை மாற்றினோம், புது டையும் வாங்கிப் போட்டோம். பத்து நாள் இப்படிப் போனதில் மரை கழன்றது மெஷினுக்கா எனக்கா என்றே புரியவில்லை.

கடைசியில் எங்கள் ஃபிட்டர் அண்ணன் டயல் கேஜை வைத்து, கடப்பாரையால், டையைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடை மெல்ல நெம்பினார். முள் 0.30 மி.மீ. ஆட்டம் காட்டியது. ஸ்லைடு ஆடாமல் பிடிக்கிற ஜிப் பட்டையை இறுக்கினால் நடுவில் சரியாகிறது, இரண்டு ஓரத்திலும் இறுகி நிற்கிறது. ஸ்லைடு ஓடுகிற பெட் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது, கிரைண்டிங் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். ஜிப்பைக் கழற்றினால் கெட்டி கிரீஸ், அதற்கு அடியில் இடைவெளியை அடைக்கிற ஷிம் தகட்டுக்குப் பதிலாக எக்ஸ்ரே ஃபிலிமை நாலாக மடித்துச் சொருகியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய விலா எலும்பு. பெயிண்டைச் சுரண்டினால் பட்டி. பேர்ப் பலகையில் இருந்த ரிவிட்டு மட்டும் புத்தம் புதுசு.

சண்டைக்குப் போகலாம் என்று பில்லை எடுத்தேன். நான் செய்த மகா தப்பு அங்கே இருந்தது. ஒன்றரை லட்சத்துக்குத்தான் பில், மீதியைக் கையில் கொடுத்திருந்தேன், வரி மிச்சமாகும் என்ற ஆசை. அந்தப் பில்லிலும் திரெட் ரோலிங் மெஷினுக்கு வரவேண்டிய எச்.எஸ்.என். எண் (சரக்கு வகையைக் குறிக்கிற எண்) 8463 இல்லை, 7204 என்று போட்டிருக்கிறார்கள். அது இரும்பு ஸ்கிராப்புக்கான எண். வரி இரண்டுக்கும் 18 சதவீதம் என்பதால் தொகையைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. "உள்ளபடி விற்கப்பட்டது" என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வேறு. வக்கீல் ஒருவரிடம் காட்டினேன், காகிதப்படி நீங்கள் வாங்கியது பழைய இரும்பு என்று சிரித்தார்.

இதற்கு நடுவே எம்10x50 ஒரு லாட் முழுக்க, வாங்கிய கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது, மரையின் அடியில் மடிப்பு இருக்கிறது என்று. அது அவர்கள் கண்ணில் பட்டதே நல்லது, போய் எங்காவது வண்டியில் மாட்டியிருந்தால்?

டீலருக்குப் பதினைந்து தடவையாவது ஃபோன் போட்டிருப்பேன். ஆளோடு வந்து நிற்பேன் என்றவர் போன வாரம்தான் எடுத்தார். "என்னங்க தம்பி, ஓட்டத் தெரியாம ஓட்டிட்டீங்களாட்ட இருக்கு. வேணும்னா நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்றார். எவ்வளவுக்கு என்று கேட்டேன். கிலோ முப்பது ரூபாயாம், வண்டி வாடகை என்னுடையதாம்.