பரிசுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய்: ஐந்து கிறிஸ்துமஸ் பார்த்த கணக்கு

இரண்டு பிள்ளைகள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி உள்ள வீட்டுக்கான கணக்கு இது. மாதம் 700 ரூபாய் கிறிஸ்துமஸுக்காக வங்கி ஆர்.டி.க்கு (மாதத் தவணைச் சேமிப்பு), 300 வீட்டில் ரொக்கமாக எடுத்து வைக்கும் பிறந்தநாள் கவருக்கு. பரிசுக்காகக் கடன் வாங்கும் நிலை வரவில்லை. ஆனால் முறை படிய இரண்டு வருடம் பிடித்தது.

எல்லாமே ஆர்.டி. தொடங்கும் தேதியில் இருக்கிறது. ஜனவரியில் தொடங்கினால் 12 மாத ஆர்.டி. அடுத்த ஜனவரியில்தான் முதிரும், பண்டிகை போயிருக்கும். இடையில் உடைத்தால் வட்டி குறையும். நவம்பர் 5 நல்ல தேதி: சம்பளம் வந்த கையோடு தவணை போய்விடும், அடுத்த நவம்பர் 5 அன்று பணம் வந்துவிடும், தையல்காரர் கை நிறைவதற்குள் துணியும் கொடுத்துவிடலாம். 6.5 சதவீத வட்டியில் 8,400 ரூபாயோடு சுமார் 300 சேரும். தபால் நிலைய ஆர்.டி. ஐந்து வருடக் கணக்கு என்பதால் இதற்கு ஒத்துவராது.

அந்த 8,400 போகும் வழி: பிள்ளைகள் உடுப்புக்குத் தலைக்கு 1,500, பெரியவர்கள் நால்வருக்குத் தலைக்கு 600, பலகாரத் தட்டுக்கு 800, வீடு வீடாகப் பாடி வரும் கீத பவனிக் குழுவின் காணிக்கைக்கும் தபால்காரர் போன்றவர்களுக்கும் 600. மீதி 1,600 கிறிஸ்மா–கிறிஸ்சைல்டுக்கு, அதாவது சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு மட்டும் பரிசு தரும் வழக்கத்துக்கு. முதலில் எல்லோரும் மறப்பது தட்டும் காணிக்கையும்தான். தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீடுகளை எண்ணி எழுதிக்கொண்டால் அச்சு முறுக்குக்கு மாவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

கிறிஸ்மா–கிறிஸ்சைல்டு இந்தக் கணக்கையே காப்பாற்றுகிறது. சொந்தத்தில் 12 பேர் ஆளுக்கு ஆள் வாங்கினால் 132 பொருள். சீட்டுக் குலுக்கினால் 12தான். பெற்றோரும் பிள்ளைகளுமாக நம் வீட்டு நால்வரும் தங்கள் சீட்டில் வந்தவருக்கு வாங்க, தலைக்கு 400 என்று வரம்பு வைத்தால் உருப்படியான பொருள் வாங்கலாம். குறைந்த வரம்பும் சொல்லிவிட வேண்டும், 350 என்று. இல்லாவிட்டால் ஒரு பிள்ளைக்கு பேனா, இன்னொரு பிள்ளைக்கு சைக்கிள் ஹெல்மெட் என்று மனம் நோகும்.

ஆடித் தள்ளுபடியில் பெரியவர்களுக்கு வேட்டி, சேலை எடுக்கலாம். அப்போது ஆர்.டி. பணம் கையில் இராது. கவரிலிருந்து எடுத்தால் நவம்பரில் திருப்பி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆடியில் எடுக்கவே வேண்டாம், டிசம்பருக்குள் வளர்ந்துவிடுவார்கள்.

கவரின் 3,600ல் பிள்ளைக்கு 1,200 வீதம்: அரைக் கிலோ கேக் 400, பள்ளியில் 40 பேருக்கு மிட்டாய் 200, பரிசு 600. மிச்சம் 1,200 மற்ற பிள்ளைகளின் ஆறு பிறந்தநாளுக்கு, தலா 200. கவர் முறை தடுமாறுவது ஜிபேயால். கடையில் போனில் கட்டிவிட்டு கவரைத் தொடாமல் விட்டால் பணம் இருப்பதுபோல் தெரியும், மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்குப் போய்விடும். கவரின் மேலேயே தேதி, பெயர், தொகை எழுதி, போனில் கட்டிய அன்றே அதே தொகையை வெளியே எடுத்துவிட்டால் சரியாகும்.

ஆன்லைனில் அக்டோபர் தள்ளுபடியில் வாங்கிய பொம்மையை வந்த அன்றே பிரித்து, பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைக்க வேண்டும். திருப்பி அனுப்பும் அவகாசம் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான். டிசம்பர் 25 காலையில் பிரித்து அது ஓடவில்லை என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் தனிக் கவர் வையுங்கள். கிறிஸ்துமஸ் உடுப்பையே பிறந்தநாள் பரிசாக்கும் ஆசை எல்லா வீட்டிலும் வரும், அது அந்தப் பிள்ளைக்கு அநியாயம்.