மூன்று வருடமாகக் கையில் ஒரு பத்து மடங்கு லென்ஸ்

மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்காக அம்மாவின் ஆரணிப் பட்டுப் புடவையைப் பிரித்தபோது மடிப்போரத்தில் மிளகளவு ஓட்டைகள். கரப்பான் என்றார் வீட்டுக்காரர். அந்துப்பூச்சி என்றேன் நான். இரண்டும் இல்லை என்று காட்டிக்கொடுத்தது, அந்த வாரம் வாங்கிய பத்து மடங்கு மடக்கு லென்ஸ். நகை ஆசாரி கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான்.

கை பழகச் சில நாள் ஆனது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு பூச்சியைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். சரியாகப் பிடித்த அன்று, ஜன்னல் விளிம்பில் கிடந்த கரும்புள்ளி ஒன்று வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாகச் செதில் போர்த்திய உருண்டை வண்டாகத் தெரிந்தது. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். செதில் தேய்ந்த கிழவண்டு வெறும் கருப்பாக இருக்கும். அதை வேறு இனம் என்று நினைத்துப் பல முறை ஏமாந்தேன்.

கம்பள வண்டு அது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா, "பச்சைத் தோலைத் தின்கிற வண்டுக்குப் பங்காளி அம்மா இது" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் வளர்ந்த வண்டு தின்பது மகரந்தம். வெளியே போக வெளிச்சம் தேடித்தான் ஜன்னலுக்கு வருகிறது. துணியைத் தின்பது இருட்டில் இருக்கும் அதன் புழு. பட்டு, கம்பளி, இறகு, முடி எல்லாம் அதற்கு இரை. வியர்வையோ உணவுக் கறையோ படியாத பருத்தியை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. பீரோ மூலையில் நான் கண்டது, மயிர் சிலிர்த்த, குறுக்கு வரி போட்ட, உள்ளே ஒன்றுமில்லாத சட்டைகள். புழு பாம்பைப்போலத் தோலை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்துப்பூச்சியாக இருந்தால் நூலாம்படை போன்ற இழையோ கூடோ கிடந்திருக்கும்.

மல்லித்தூள் டப்பாவில் வரும் செம்பழுப்பு வண்டு வேறு. செதில் கிடையாது, தலையைக் கீழே மடக்கிக் கூனியிருக்கும். அதைக் கம்பள வண்டு என்று பயந்து பீரோவைக் காலிசெய்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

லென்ஸில் குறை, திருகு. இரண்டாம் மழைக்காலத்தில் துருவேறிக் கழன்றது. வாட்ச் பழுதுபார்ப்பவர் மாற்றித் தந்தார். கண்ணாடியில் கீறல் இல்லை. விளக்கு வைத்த மலிவு லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஓரமெல்லாம் வானவில்லாகத் தெரிந்ததால் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

கம்பளி விரிப்பைக் கத்திரி வெயிலில் கருப்புப் பையில் கட்டி மொட்டை மாடியில் போடுகிறேன். பட்டுக்கு அது ஆகாது. பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம். இந்த வருடம் ஜன்னலில் இரண்டு வண்டுதான் கிடந்தன. பரணுக்கு மேலே புறாக் கூடு இருக்கிறது. இறகு கிடக்கும் இடம், புழுவும் இருக்கலாம். அங்கே லென்ஸோடு ஏற இன்னும் மனம் வரவில்லை.