மலையகக் கல்யாணத்துக்கு 35, 50, 85: பல முகூர்த்தக் காலப் பாவனைக்குப் பிறகு

கல்யாணப் படத்துக்கு எந்த ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே நீளமுள்ள லென்ஸ்) நல்லது என்று கேட்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, படம் எடுக்கப் போகும் இடங்களில் பின்னால் எத்தனை அடி நகர முடியும் என்று அளந்து பார்ப்பதுதான். கொழும்பு ஹோட்டல் மண்டபத்தை மனதில் வைத்துச் சொல்லும் யோசனை இங்கே பாதி நேரம் பொருந்தாது. பெண் அலங்காரம் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் அறையில்), தாலிகட்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலில், வரவேற்பு ஹட்டன் டவுன் மண்டபத்தில், ஜோடிப் படம் தேயிலைச் சரிவில். ஒரே நாளில் நாலு இடம், நாலு விதமான தூரம்.

இங்கே எழுதுவது மூன்று லென்ஸைப் பற்றி: கெனன் 35 எஃப் 2 ஐஎஸ், 50 எஃப் 1.8 எஸ்டிஎம், 85 எஃப் 1.8. 35, 50, 85 என்பவை லென்ஸின் குவிய நீளம், மில்லிமீற்றரில். எஃப் எண் அதன் துளையின் அளவு: எண் சிறிதானால் துளை பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, எஸ்டிஎம் என்பது மோட்டர் வகை. மூன்றும் ஃபுல் ஃப்ரேம் கமராவில், அதாவது சென்சர் 36 மில்லிமீற்றர் அகலமுள்ள கமராவில். நிக்கோன், சோனி வைத்திருப்பவர்களுக்கும் தூரக் கணக்கு மாறாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூடுதலாக உழைப்பது 35, அடுத்தது 85. 50 பெரும்பாலும் பையிலேயே இருந்துவிடுகிறது.

கணக்கு லேசானது. நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுத்தால், படத்தில் எத்தனை அடி அகலம் விழும் என்று வரும். காம்பராவில் கட்டிலையும் அலுமாரியையும் தள்ளிவைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றாலும் பெண்ணுக்கும் கமராவுக்கும் இடையில் ஆறு அடிதான் மிஞ்சும். அந்த ஆறு அடியில் 35இல் விழுவது 6.2 அடி, 50இல் 4.3, 85இல் 2.5. பெண்ணும், பின்னால் நின்று சடைக்குப் பூ வைக்கும் அக்காவும், பக்கத்தில் கண்ணாடி பிடிக்கும் பிள்ளையும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் 35ஐ விட்டால் வழியில்லை. 24 இன்னும் அகலம்தான். ஆனால் ஓரத்தில் நிற்பவரின் கையும் தலையும் இழுபட்டுப் போகும்; ஆல்பத்தில் அந்த அத்தை தன்னைப் பார்த்து வருத்தப்படுவார்.

35இலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஐந்து அடியைவிடக் கிட்ட போய் முகத்தை மட்டும் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போன மாதிரி தெரியும். அது லென்ஸின் பிழையல்ல, கிட்ட போனதால் வருவது. முகம் வேண்டுமானால் பெண்ணை வாசலுக்குக் கொண்டுவந்து, நீங்கள் இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வெளியே இறங்கி 85ஐப் போடுங்கள். வாசல்படியிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே பெண் நின்றால், மூடுபனி நாளிலும் அந்த வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் படும். காம்பராவுக்குள் ஃப்ளாஷைச் சுவரில் அடித்துத் திருப்புவதை மறந்துவிடுங்கள். பல காம்பராக்களின் சுவர் பச்சை அல்லது நீலம். அந்த நிறம் அப்படியே கன்னத்தில் ஏறும்; பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் மஞ்சள் பூசிய முகத்தின் நிறம் திரும்பாது.

தாலிகட்டுக்கு வருவோம். மேளம் உச்சத்துக்குப் போனதும் எல்லோரும் எழும்பி மணவறையைச் சுற்றி அடைப்பார்கள். எட்டு அடி தள்ளி 85உடன் நின்றவருக்கு அப்போது தெரிவது முதுகுகளும், நீட்டிய கைப்பேசிகளும். ஆகவே ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பி ஆசீர்வாதம் வாங்கும் நேரத்திலேயே மணவறைத் தூணோரம் போய், பெண்ணின் முன்பக்கம் சாய்வாக ஆறு அடியில் இடம் பிடித்துவிட வேண்டும். 35, எஃப் 2.8. அந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குத் தெளிவு இருக்கும். பெண்ணின் குனிந்த முகம், கழுத்துக்குப் பின்னால் மாப்பிள்ளையின் விரல், முடிச்சுக்கு உதவ வரும் நாத்தனாரின் கை, மூன்றும் கூர்மையாக விழும். அதையே 85இல் பத்து அடியில் எஃப் 2.8க்கு எடுத்தால் தெளிவு எட்டு அங்குலம்தான். முகம் கிடைக்கும், முடிச்சு மங்கும். பின்னணியைக் கரைப்பதற்காக எஃப் 1.8க்குத் திறந்து வைத்துத் தாலிகட்டை எடுக்காதீர்கள். அந்த முடிச்சு இன்னொரு தரம் போடப்படாது.

ஷட்டரிலும் (ஒரு படம் பதிய எடுக்கும் நேரம், நொடியில்) கவனம் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் நொடிக்கு 100 தரம் மினுங்கும். 1/100இல் வைத்தால் பட்டை விழாது. 1/250க்குப் போனால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, சிலவேளை படத்தின் குறுக்கே கோடு. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலெக்ட்ரோனிக் ஷட்டரைப் போட்டால் கோடு இன்னும் மோசமாகும். ஆனால் 1/100இல் அட்சதை தூவும் கை ஆடிப் போகும். வீடியோகாரரின் லைட் மினுங்காத நல்ல லைட்டாக இருந்தால் 1/200க்கு ஏற்றலாம். முகூர்த்தத்துக்கு முன்பே பத்துப் படம் தொடர்ந்து அடித்துப் பார்த்துவிடுங்கள். 35இல் உள்ள ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், மாப்பிள்ளையின் கையை அல்ல.

தாலியை மட்டும் நெருங்கி எடுக்க 85 உதவாது. அது 85 சென்ரிமீற்றருக்குக் கிட்ட ஃபோகஸ் பிடிக்காது. எவ்வளவு கிட்டப் போனாலும் பதினொரு அங்குல அகலம் விழும், தாலி சிறு புள்ளியாகத் தெரியும். 35 ஐஎஸ் 24 சென்ரிமீற்றர் வரை வரும், ஆறு அங்குல அகலம் விழும். தேங்காய், மஞ்சள் கயிறு, தாலி, மூன்றும் தட்டோடு நிறைவாக இருக்கும். லென்ஸின் நிழல் தட்டில் விழும் என்பதால் வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும்.

குடும்பப் படத்துக்கும் 35தான். பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நின்றால் கிட்டத்தட்ட 18 அடி அகலம். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட 20 அடி தள்ளி நிற்க வேண்டும், எஃப் 4. 50இல் அதற்கே 28 அடி வேண்டும். மண்டபத்தில் அந்த இடத்தில் முன்வரிசைக் கதிரைகள் இருக்கும்.

85 தன் இடத்தைக் காட்டுவது மண்டபத்திலும் மலையிலும். வரவேற்பில் மேடைக்கு வெளியே 15 அடியில் நின்றால் ஜோடி இடுப்பு வரை நிறைவாக வரும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அழும் அம்மாவுக்கு கமரா இருப்பதே தெரியாது. தேயிலை மலையில் இரண்டு பக்கமும் செடி, நடுவில் ஒருவர் நடக்கும் பாதை. பின்னால் நகர்வது என்றால் சரிவில் சறுக்குவதுதான். பாதை வளையும் இடத்தில் நீங்களும் எதிர் வளைவில் ஜோடியும் நின்றால் 85க்குத் தூரம் தானாகக் கிடைக்கும்.

இந்த 85இன் குறை ஊதா ஓரம். எஃப் 1.8இல் பட்டுச் சேலையின் சரிகை, வெயில் பட்ட நகை, வெள்ளை வேட்டிக் கரை என்று பளிச்சென்ற விளிம்பிலெல்லாம் ஊதாக் கோடு விழும். எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் போய்விடும். ஆகவே நகை போட்ட பெண்ணுக்கு இதை எஃப் 2.8 லென்ஸ் என்றே நினைத்துப் பாவியுங்கள்.

மூடுபனி பற்றிப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். பனியில் நீள லென்ஸ் அழகு என்று 135ஐக் கொண்டுபோய் 30 அடி தள்ளி நின்றால், அந்த 30 அடிப் பனியும் முகத்துக்கு முன்னால் நிற்கும். தோல் சாம்பலாகும், ஃபோகஸும் தடுமாறும். 35இல் ஏழெட்டு அடியில் நில்லுங்கள். முகம் தெளிவாக, பனி பின்னால் மட்டும் இருக்கும். ஃப்ளாஷைக் கமராவின் மேலே வைத்து அடித்தால் பனித்துளி எல்லாம் வெள்ளைப் பொட்டாகும். கழற்றிப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுங்கள்.

50ஐப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காம்பராவுக்கு நீளம், மண்டபத்துக்குக் கட்டை. 160 கிராம்தான், விலையும் குறைவு. ஆனால் ஃபோகஸ் பண்ணும்போது முன்பகுதி வெளியே நீளும். அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் உள்ளே பற்சக்கரம் பழுதாகலாம். ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) போட்டே வைத்திருங்கள். சென்சர் சிறிய கெனன் கிராப் கமராவில் மட்டும் கதை வேறு. அங்கே 50 ஏறத்தாழ 80 ஆகிறது, 24 எஃப் 2.8 ஏறத்தாழ 38 ஆகிறது. புதிதாகத் தொடங்கும் தம்பிகளுக்கு அந்த இரண்டும் போதும்.

இரண்டு கமரா இருந்தால் ஒன்றில் 35, மற்றதில் 85. முகூர்த்தம் முடியும் வரை லென்ஸ் கழற்ற வேண்டாம். தை மாதக் காலையில் நுவரெலியாவின் குளிரிலிருந்து, ஹோமமும் கூட்டமுமாய் வெக்கையாக இருக்கும் மண்டபத்துக்குள் நுழைந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு எடுங்கள்.

பங்கசுதான் (பூஞ்சணம்) இங்கே லென்ஸின் பெரிய எதிரி. ஆவணி முகூர்த்தத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழை இன்னும் விட்டிருக்காது. நனைந்த பையிலேயே லென்ஸைப் போட்டு அலுமாரியில் வைத்தால், உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி படரும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி போதும். மானி 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் சமையல் ஓவனில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தலாம். அரிசி போடாதீர்கள், தூசு ஏறும். பழைய லென்ஸ் வாங்கும்போது அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். நூல் தெரிந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.