13 அம்பியர் பிளக்கா, சுவர்ப் பெட்டியா, வேகச் சார்ஜரா? கொழும்பில் எது யாருக்கு

60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் வேகச் சார்ஜரில் மின்சாரக் காரைச் செருகினால் திரையில் 28தான் காட்டுகிறது. உடனே சார்ஜருக்குத்தான் திட்டு விழும். பெரும்பாலும் பிழை அதில் இல்லை. எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கேட்பது கார். சார்ஜர் தன் எல்லைக்குள் அதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சில சார்ஜர்களில் இரண்டு துப்பாக்கிகள் (கேபிள் நுனியில் காரில் செருகும் கைப்பிடிகள்) இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் செருகினால் 60 கிலோவாட் இரண்டாகப் பிரிந்துவிடும். தகட்டில் கிலோவாட்டை மட்டும் பார்க்காமல் அம்பியரையும் பாருங்கள்: அதிகபட்சம் 150 அம்பியர் என்றிருந்தால், 350 வோல்ட் பற்றரிக்கு 52.5 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்க வழியே இல்லை.

இது டீசி, அதாவது நேரோட்ட மின்சாரம் தரும் வேகச் சார்ஜரின் கதை. வீட்டுக்கு வரும் ஏசியில், அதாவது ஆடலோட்ட மின்சாரத்தில், கதை வேறு. சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் ஒரு பாதுகாப்பான சுவிட்ச். ஏசியை டீசியாக மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் கார்கள் பலவற்றில் அது 3.3 கிலோவாட்; இப்போதைய கார்கள் பலவற்றில் 7 கிலோவாட் அளவு. அதனால் கடைத்தொகுதித் தரிப்பிடத்தில் 22 கிலோவாட் ஏசி சார்ஜ் கம்பத்தைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். உங்கள் கார் எடுப்பது அதே மூன்றோ ஏழோதான்.

வீட்டில்: பிளக்கும் பெட்டியும்

சாதாரண 13 அம்பியர் பிளக்கில் 10 அம்பியர் வைத்தால் 2.3 கிலோவாட். கேட்கச் சின்னதுதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணித்தியாலத்தில் 16 யூனிட் ஏறும். மாற்றத்தில் பத்து வீதம் போனாலும் பற்றரிக்குள் 14 யூனிட்டுக்கு மேல் சேரும். 100 கிலோமீற்றருக்கு 15 யூனிட் குடிக்கும் காருக்கு இது 95 கிலோமீற்றர். கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளைக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு இதுவே மிச்சம்.

சிக்கல் வேகத்தில் இல்லை, பிளக்கில்தான். கேத்தில் சில நிமிடம் இழுக்கிற கரண்ட்டை கார் இரவு முழுக்க இழுக்கிறது. திருகு தளர்ந்த பழைய சொக்கெட்டில் முதலில் பியூஸ் பக்கத்து ஊசி சூடாகும். பிறகு பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். அரை மணித்தியாலம் கழித்துக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் கோட் கூடவே கூடாது. காரோடு வந்த கேபிள் சிவப்பு விளக்கு போட்டு மறுத்தால், பழைய வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்.

சுவர்ப் பெட்டிக்குத் தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கொழும்பு வீடுகள் பலவற்றுக்கு இருப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. 32 அம்பியர் பெட்டி முழுவேகத்தில் ஓடினால், குளிரூட்டியைப் போடாமலே இணைப்பின் எல்லை தாண்டிவிடும். பெட்டியை 16 அம்பியருக்கு இறக்கி வையுங்கள். 3.7 கிலோவாட்டில் அதே ஏழு மணித்தியாலத்தில் சுமார் 150 கிலோமீற்றர் ஏறும். அதற்கு மேல் தினமும் ஓடுபவர் மட்டும் த்ரீ பேஸைப் பற்றி யோசித்தால் போதும்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீற்றருக்கு 165 யூனிட் அளவு கூடும். வீட்டுக்கு 120 யூனிட் போகிறதென்றால் மொத்தம் 285. 180ஐத் தாண்டிய பகுதிக்கு மிக உயர்ந்த படிக் கட்டணம். நேர அடிப்படைக் கட்டணத்துக்கு மாறியவர்களுக்கு இரவு 10.30க்குப் பின் மலிவு, மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் செருகினால் அடி. காரிலேயே டைமர் உண்டு, வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

வேகச் சார்ஜரில்: சாடெமோவும் சிசிஎஸ் 2உம்

வேகச் சார்ஜரிலும் பிளக் வகைகள் உண்டு: லீஃப்பில் சாடெமோ, புதிதாக வரும் பீவைடி, எம்ஜி கார்களில் சிசிஎஸ் 2. சீனச் சந்தைக்கென்று செய்து தனியாரால் இறக்கப்பட்ட கார்களில் ஜீபீடி. ஏசி பிளக்கில் டைப் 1, டைப் 2 என்று இரு வகை; டைப் 2 கம்பத்திலிருந்து டைப் 1 காருக்கு வெறும் கேபிள் போதும். டீசியில் அப்படி முடியாது. சாடெமோ காருடன் கேன் என்ற வாகனத் தரவு வலையமைப்பு வழியில் பேசுகிறது, சிசிஎஸ் மின்கம்பித் தொடர்பு முறையில் பேசுகிறது. இரண்டையும் இணைக்கும் அடாப்டருக்குள் மின்னணுச் சுற்று இருந்தே ஆக வேண்டும். மலிவாக, வெறும் கம்பி மாற்றித் தரும் அடாப்டரை யாராவது காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

பிளக்கை விடப் பெரிய வித்தியாசம் பற்றரிக் குளிரூட்டலில். புதிய எல்எஃப்பீ (லித்தியம் இரும்பு பொஸ்பேட்) பற்றரி கார்கள் பலவற்றில் பற்றரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழைய லீஃப்பில் அப்படி எதுவுமில்லை, வெளிக்காற்றை நம்பித்தான் இருக்கிறது. 30 பாகை வெயிலில் ஹைவேயில் ஓடி, வேகச் சார்ஜ் செய்து, மறுபடி ஓடி, மறுபடி செருகினால் கார் தன்னைக் காப்பாற்றக் கரண்ட்டைக் குறைக்கும். 40 யூனிட் பற்றரி உள்ள லீஃப்பில் இரண்டாவது, மூன்றாவது முறை வேகம் பாதிக்குக் கீழே விழுவது பிரபலமான விஷயம். பழைய லீஃப் வாங்க நினைப்பவர் காரின் பழுதறியும் சொக்கெட்டில் ஓபீடி கருவியைச் செருகி லீஃப்ஸ்பை செயலியில் பற்றரி ஆரோக்கிய வீதத்தோடு வேகச் சார்ஜ் எண்ணிக்கையையும் பார்க்கட்டும்.

எந்தக் காராயினும் 80 வீதத்தில் கழற்றுங்கள். நிரம்பிய பற்றரிக்குள் அதிக கரண்ட்டைத் திணித்தால் லித்தியம் பற்றரியின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழையாமல் மேலே உலோகமாகப் படியும். அதைத் தவிர்க்கத்தான் கார் வேகத்தைக் குறைக்கிறது. 60 யூனிட் காரில் 20 முதல் 80 வரை 45 நிமிடம் போனால், மீதி இருபதுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகலாம். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது அது நாகரிகமும் அல்ல. எல்எஃப்பீயை வாரம் ஒருமுறை அளவில் 100 வரை ஏற்றச் சொல்வார்கள். அதை வீட்டில் மெதுவாகச் செய்யுங்கள்.

சார்ஜ் தொடங்காவிட்டால்: முதலில் சிவப்பு அவசரப் பொத்தானை யாராவது அமுக்கியிருக்கிறார்களா பாருங்கள், திருகினால் விடுபடும். சிசிஎஸ் கேபிள் பாரம். துப்பாக்கி தொங்கினால் தொடர்பு சரியாகப் படாது, பூட்டும் வரை கையால் தாங்கிப் பிடியுங்கள். மழைக்குப் பின், மின்கசிவு உண்டா என்று சார்ஜர் பார்க்கும் காப்புப் பரிசோதனையில் நின்றால் துப்பாக்கிக்குள் நீர் இருக்கலாம். வேறு துப்பாக்கிக்குப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அடம்பிடித்தால், 12 வோல்ட் பற்றரி. அது பலவீனமானால் பெரிய பற்றரியை இணைக்கும் சுவிட்சான ரிலே மூடாது. பழைய லீஃப்பில் அடிக்கடி பார்க்கக்கூடிய பழுது.

யாருக்கு எது

தரிப்பிடத்தில் சொந்த சொக்கெட் உள்ளவருக்கு வீட்டுச் சார்ஜ்தான், வேறு பேச்சில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நிலக்கீழ்த் தரிப்பிடமும் பொது மீற்றரும் உள்ளவர்கள், நிர்வாகக் குழுவிடம் உப மீற்றரோடு ஒரு 16 அம்பியர் இணைப்பு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வாரம் ஒருமுறை வேகச் சார்ஜரை நம்பி வாழலாம், ஆனால் குளிரூட்டல் உள்ள சிசிஎஸ் 2 காரோடு. அந்த நிலையில் பழைய லீஃப் வாங்க வேண்டாம்.

யாழ்ப்பாணம் போவதென்றால் வேகச் சார்ஜர் இல்லாமல் ஆகாது. 60 யூனிட் காரில் நிரப்பிப் புறப்பட்டால் வவுனியாவில் 30 வீதம் அளவில் மிஞ்சும். 75 வரை ஏற்றினால் மீதி 140 கிலோமீற்றருக்குத் தாராளம். புறப்படுமுன் அந்தப் பக்கச் சார்ஜர் வேலை செய்கிறதா என்று சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள், இன்னொன்றையும் குறித்துவையுங்கள். 40 யூனிட் லீஃப்பில் போகிறவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குத் தயாராகுங்கள். வெயில் ஏறுமுன் விடியப்புறம் புறப்பட்டு, மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டாமல் போனால் இரண்டாவது நிறுத்தத்தில் கொஞ்சம் வேகமாக ஏறும்.