பஜனை மடத்து ஆர்மோனியத்துக்கு ஈரோட்டில் ஒரு பட்டறை

ஈரோடு கடைவீதிப் பக்கம் ஆர்மோனியம் பழுது பார்க்கிற இந்தச் சின்னப் பட்டறையைத் தாராளமாக நம்பலாமுங்க. பெட்டியை வாங்கியதும் பட்டறைப் பெரியவர் எந்தக் கட்டையையும் தொடாமல் துருத்தியில் காற்றை நிரப்பிவிட்டுக் காத்திருக்கிறார். காற்று சீக்கிரம் இறங்கினால், எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தோல் ஒட்டிய மூலைதான். ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு, ஊமையானால் முதலில் தூசியைப் பார்க்கிறார். மெல்லிய தகட்டை நாக்குக்கடியில் ஓட்டினாலே பல சமயம் பேசிவிடும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனியில் சுரண்டல், ஏறியிருந்தால் அடியில். கை தெரியாதவர்கள் ரீடைக் கெடுப்பது இந்தச் சுரண்டலில்தான். காது குருநாதர் கொடுத்தது என்பார்; சுருதி காட்டும் ட்யூனர் கருவி கடைசியில்தான் வெளியே வரும்.

குறை, தாமதம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பஜனைக்காரர்கள், அப்புறம் தைப்பூசக் காவடிக்காரர்கள். ஐப்பசியிலேயே கொடுத்துடுங்க.