இரண்டு ஊசியா, ஒரு கொக்கியா?

"சென்னையில யாருடி ஸ்வெட்டர் போடப் போறா?" என்று அத்தை கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததில்லை. அத்தை, ஒரே கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷா கட்சி (அவர் தலைமுறையில் யாரும் குரோஷே என்று சொல்வதில்லை). அந்தக் காலத்து டிவிக்கு ஆங்கர் நூலில் விரிப்பு போட்டவர். நான் இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங் கட்சி. பத்து வருடமாக ஊசியும் கையுமாகத் திரிகிறேன். நடுவில் கொஞ்ச நாள் கொக்கிப் பக்கமும் தாவிப் பார்த்ததால், இரண்டையும் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும், அதாவது நூல் வளையங்களும், ஒரே சமயத்தில் ஊசியில் உயிரோடு இருக்கும். 108 கண்ணி போட்டிருந்தால் 108-ம் காத்துக்கொண்டு நிற்கும். குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் போட்ட இடத்திலேயே முடிந்துவிடும். கொக்கியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. சந்தோஷமோ எரிச்சலோ, மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

காலிங் பெல் அடிக்கிறது. குரோஷேக்காரர் அந்த ஒற்றைக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு எழுந்து போகலாம். எனக்கு "இந்த வரிசையை முடிச்சிட்டு வரேன்" என்று கத்தத்தான் முடியும். ஒருமுறை பக்கத்து வீட்டு வாண்டு ஊசியை வாளென்று நினைத்து உருவிவிட்டான். அறுபது கண்ணிகள் அந்தரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

இதுவரை கேட்டால் குரோஷே ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் தப்பு நடந்த பிறகு கதை மாறும்.

போன மாதம் ஒரு ஸ்வெட்டரின் நெஞ்சுப் பகுதியில், பதினொரு வரிசைக்குக் கீழே, நிட் (வழவழப்பான கண்ணி) வர வேண்டிய ஒரு இடத்தில் பர்ல் (அதையே புடைப்பு முன்பக்கம் வரும்படி போடுவது) போட்டிருந்தேன். வழவழப்பான பரப்பின் நடுவில் ஒரு பரு. பார்த்ததும் வயிறு கலங்கியது. ஆனால் முழுசாகப் பிரிக்கத் தேவையில்லை. அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டால் அது ஏணிப்படி மாதிரி நேராகக் கீழே இறங்கும். தப்பு நடந்த படிவரை இறக்கிவிட்டு, ஒவ்வொரு படியாக இழுத்து மேலே ஏற்ற வேண்டும். இருபது நிமிட வேலை. பக்கத்தில் இருந்த 107 கண்ணிகளுக்கும் விஷயமே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்ணியை மேலே இழுக்க வசதியான கருவி குரோஷே கொக்கிதான்.

இதே தப்பு குரோஷேயில் நடந்தால், அதற்கு மேலே போட்ட அத்தனையையும் உருவியாக வேண்டும். உருவ ஒரு நிமிடம், மறுபடி போட ஒரு ராத்திரி. தப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வது வேறு. வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு அப்படியே திரும்புவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. பக்கத்துக்கு ஒன்றாகக் குறைந்து, சதுரமாக ஆரம்பித்தது சமோசாவாக முடியும்.

எண் குழப்பம் இரண்டு பக்கமும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் ஊசி இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்ணில் வருகிறது. எட்டாம் எண் என்றால் 4 மி.மீ. அமெரிக்காவில் எட்டு என்றால் 5 மி.மீ. அது தெரியாமல் அமெரிக்கக் குறிப்பு ஒன்றை வைத்து, சாம்பிள் துண்டு போட்டுப் பார்க்கவும் சோம்பல்பட்டு, 108 கண்ணி போட்டேன். 10 செ.மீ.க்கு 18 கண்ணி வர வேண்டியது 21 வந்தது. 60 செ.மீ. சுற்றளவு 51-ல் நின்றது. மூத்தவனுக்குப் போட்டதை இளையவன் மாட்டிக்கொண்டான். குரோஷேயிலோ கண்ணியின் பெயரே மாறும்: அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்பதுதான் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள். குறிப்பு எந்த நாட்டுடையது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

துணி என்று வந்தால் என் ஓட்டு ஊசிக்கே. போட்டிருக்கும் திருப்பூர் பனியனைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், வரிசை வரிசையாக ஆங்கில வி எழுத்துகள் தெரியும். என் ஸ்வெட்டரிலும் அதே வி-தான், அளவு மட்டும் பெரிது. அதனால்தான் அது இழுபடும், உடம்போடு படியும். குரோஷே தடிமனாக நிற்கும், நூலையும் கூடுதலாகச் சாப்பிடும். ஆனால் பைக்கும் பொம்மைக்கும் அந்த விறைப்புதான் வேண்டும்.

அந்த வி-யை 1589-லேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். அசல் குரோஷேக்கு இன்றுவரை கைதான். மாலில் நானூறு ரூபாய்க்கு ஒரு குரோஷே டாப் தொங்கினால், அதைப் போட்டவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குக் கணக்கு ஓடும். 2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டரில் குரோஷே போர்வை போட்டு கின்னஸில் ஏறினார்கள். அத்தை அதை இன்னும் சொல்லிக் காட்டுவார். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சதுரம் போட்டு இணைக்க அது தோதான வேலை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

நூல் பஞ்சாயத்து இரண்டுக்கும் பொது. கடையில் "உல்லன்" என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் வரும். சந்தேகமிருந்தால் ஒரு இழையைக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகிய நாற்றத்தோடு சாம்பலாகும், அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். நம் வெயிலுக்குப் பருத்தி நல்லது, ஆனால் அதில் இழுவை இல்லாததால் நிட்டிங்கில் விரல் வலிக்கும். குரோஷேக்கு ஒரு தொந்தரவும் இல்லை. லேபிளில் உள்ள டை லாட் எண்ணையும் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கெல்லாம் ஒரே எண்) பார்த்து வாங்குங்கள். ஒரே நிறம், வேறு லாட் என்றால் கை ஒரு பச்சை, உடம்பு ஒரு பச்சை.

பொம்மை, பை, மேஜை விரிப்பு போடத்தான் ஆசை என்றால் கொக்கியை வாங்குங்கள், ஒரு வாரத்தில் ஏதாவது கையில் இருக்கும். உடுத்துவதற்கு என்றால் ஊசி. அதோடு ஒரு கொக்கியும்.

சரி, எனக்கு வேலை கிடக்கிறது. இரண்டாவது கையில் இன்னும் பதினான்கு வரிசை பாக்கி. நூல் உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. அந்த லாட் தீர்ந்துபோய்விட்டதாம், கடைக்காரர் நேற்றே சொல்லிவிட்டார்.