ஹார்டுவேர் படிக்க ஏ பிளஸ்ஸா, கூகுளா, ஐடிஐயா, ரிச்சி ஸ்ட்ரீட்டா?

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஹார்டுவேர் லைனுக்குப் போகிறேன் என்கிறான். கையில் ஒரு பிட் நோட்டீஸ். "மாமா, மூணே மாசத்துல ஏ பிளஸ், என் பிளஸ், சிசிஎன்ஏ எல்லாம் சேர்த்து முடிச்சுத் தராங்களாம், சேரட்டுமா?" வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் ஏமாந்த நோட்டீஸும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருந்தது, கம்ப்யூட்டர் படம் மட்டும் மாறியிருக்கிறது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். "ஏ பிளஸ் கோர்ஸ் முடித்தேன்" வேறு, "ஏ பிளஸ் பாஸ் செய்தேன்" வேறு. கம்ப்யூட்டர் ரிப்பேர், சப்போர்ட் வேலைக்காக கம்ப்டியா என்ற அமெரிக்க அமைப்பு 1993 முதல் நடத்திவரும் தேர்வு அது (நோட்டீஸில் இருந்த மற்ற இரண்டும் நெட்வொர்க் தேர்வுகள்). பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் போய் எழுத வேண்டும், இல்லையென்றால் வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நம் ஊர் இன்ஸ்டிடியூட்டுகள் பலவும் அந்த சிலபஸைப் பாதி நடத்திவிட்டுத் தங்கள் லோகோ போட்ட சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடும். நான் படித்த இடத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு பென்டியம் 4 சிபியு, அதையும் சனிக்கிழமைதான் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் நோட்டில் டிக்டேஷன். முதல் இன்டர்வியூவில் "வெரிஃபிகேஷன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டார்கள். நான் இன்ஸ்டிடியூட் ரோல் நம்பரைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

சரி, அசல் ஏ பிளஸ் எப்படி? தேர்வு இரண்டு. இப்போது நடப்பது 220-1201, 220-1202 என்ற வரிசை, 2025 மார்ச்சில் வந்தது; பழைய 1101, 1102 அதே வருடம் செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஒரு தேர்வைப் பழைய வரிசையிலும் இன்னொன்றைப் புதிய வரிசையிலும் எழுதிச் சேர்த்துக்கொள்ள முடியாது, அதனால் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வரிசை மெட்டீரியலை வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாவதில் 700 எடுத்தால் பாஸ். முதலாவதில் ஹார்டுவேர், நெட்வொர்க், மொபைல், பிரிண்டர். இரண்டாவதில் விண்டோஸ் முதலான ஓஎஸ்கள், செக்யூரிட்டி, ஆபீஸில் நடந்துகொள்ள வேண்டிய முறை. ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம், ஃபெயில் ஆனால் மறுபடி முழுக் கட்டணம், பாஸ் ஆனாலும் மூன்று வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். கட்டணம்தான் இதில் கசக்கிற பகுதி. படிக்கிற செலவு கிட்டத்தட்ட கிடையாது, ஏனென்றால் புரொஃபசர் மெஸ்ஸர் யூடியூபில் மொத்த சிலபஸையும் இலவசமாக நடத்தி வைத்திருக்கிறார், ஆங்கிலம் நிதானமாகத்தான் இருக்கும், சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் பிளஸ் டூ பையனுக்குப் புரியும்.

கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழ் 2018ல் கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் தொடங்கியது. மாதச் சந்தா, வீட்டிலிருந்தே படிக்கலாம், சீக்கிரம் முடித்தால் செலவும் குறையும். நெட்வொர்க்கிங் பகுதி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. கஸ்டமரிடம் எப்படிப் பேசுவது, டிக்கெட்டில், அதாவது புகார்ப் பதிவில், என்ன எழுதுவது என்பதும் வருகிறது, கால் சென்டர் மாதிரியான சர்வீஸ் டெஸ்க் வேலைக்கு அது உதவும். ஆனால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்காமலேயே முடித்துவிடலாம். லேப் எல்லாம் பிரவுசருக்குள்தான்.

அரசு ஐடிஐயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஐசிடிஎஸ்எம் என்று கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்புக்கான ஒரு டிரேட் இருக்கிறது, இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு போதும், அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மூன்று மாத ஆட்களுக்கு இரண்டு வருடம் மலை மாதிரி தெரியும், ஆனால் அப்ரென்டிஸ் வேலைக்கும் ஐடிஐ கேட்கிற அரசுப் பணிகளுக்கும் செல்லுபடியாகிற காகிதம் அதுதான், அங்கே ஏ பிளஸ்ஸைக் காட்டினால் என்ன இது என்று கேட்பார்கள். ஒரே எச்சரிக்கை: கோபா என்ற டிரேடில் சேர்ந்துவிட்டு ஹார்டுவேர் சொல்லித் தரவில்லையே என்று புலம்பாதீர்கள், அது கம்ப்யூட்டர் ஆபரேட்டர், புரோகிராமிங் வேலைக்கானது.

நான்காவது, சிப் லெவல், அதாவது போர்டையே மாற்றாமல் அதில் கெட்டுப்போன பாகத்தை மட்டும் கண்டுபிடித்துச் சரிசெய்வது. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் மாடிப்படி ஏறினால் ஒரு பெஞ்சில் நான்கைந்து லேப்டாப் போர்டு பிரிந்து கிடக்கும். அங்கே ஒருமுறை பார்த்தது. ஆன் ஆகாத போர்டு. கடை அண்ணன் மல்டிமீட்டரை வைத்தார், 19 வோல்ட் லைன் ஷார்ட். அந்த லைனில் இருபது முப்பது கெப்பாசிட்டர், எதுவென்று எப்படித் தெரியும்? எல்லாவற்றின் மேலும் ரோசின் (சோல்டரிங்குக்குப் பயன்படும் பிசின்) புகையைப் படியவைத்தார், வெள்ளையாகப் பனி பிடித்த மாதிரி ஆனது. பவர் சப்ளையில் ஒரு வோல்ட் வைத்து அந்த லைனுக்குக் கொடுத்தார். அரிசியில் பாதி கூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர் சூடாகி, அதன் மேல் மட்டும் வெள்ளை உருகிக் கறுத்தது. அதை எடுத்துப் போட்டதும் லேப்டாப் ஆன் ஆகிவிட்டது, ஆன செலவு சோல்டர் நுனியும் கொஞ்சம் புகையும்தான்.

ஏ பிளஸ் இதில் ஒரு வரி சொல்லித் தராது. அந்த சிலபஸில் போர்டு கெட்டுப் போனால் பதில் ஒன்றுதான், போர்டை மாற்று. அமெரிக்காவில் ஆள் கூலி அதிகம், போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட மாற்றுவதே லாபம். இங்கே கஸ்டமர் போர்டு விலையைக் கேட்டதும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதற்காக ரிச்சி ஸ்ட்ரீட்தான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. கடையில் வளர்ந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எது வந்தாலும் "ஃபார்மட் போட்டுடலாம்". நானே செய்திருக்கிறேன். வேலை பார்த்த கடைக்கு ஒருவர் வைரஸ் பிடித்த சிஸ்டம் கொண்டு வந்தார், "டி டிரைவ்ல கை வைக்காதீங்க, எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார், நானும் நல்ல பிள்ளையாக சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தேன். பொண்ணு கல்யாண போட்டோ டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் சி டிரைவில்தானே இருக்கும்? அவருக்குத் தெரியாது சரி, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பிறகு ஏ பிளஸ் படித்தபோது பழுது பார்ப்பதற்கென்றே அதில் ஒரு வரிசை இருப்பதைப் பார்த்தேன். என்ன பிரச்சினை என்று கேள், கடைசியாக என்ன மாற்றினாய் என்று கேள், எதிலும் கை வைப்பதற்கு முன்னால் பேக்கப் எடு, காரணத்தை ஊகி, சோதி, சரிசெய், கடைசியில் எழுதி வை. படிக்கும்போது சப்பென்று இருக்கும். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மனிதர் கடை வாசலில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதே மாதிரி, ஐபி அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால் நெட்வொர்க்கில் அட்ரஸ் வழங்கும் டிஹெச்சிபியிடமிருந்து அட்ரஸ் வரவில்லை என்று அர்த்தம். இது தெரியாமல் லேன் கார்டையே மாற்றிய சீனியர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்போ எது? கம்பெனி சர்வீஸ் டெஸ்க், வெளிநாடு என்று கண் இருந்தால் ஏ பிளஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே தன் கணினிப் பணியாளர்களுக்குக் கேட்ட சான்றிதழ் பட்டியலில் வெகுகாலம் அது இருந்தது. சொந்தக் கடை என்றால் சிப் லெவல், ஆனால் சேருவதற்கு முன்னால் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள், செத்த போர்டு தலைக்கு எத்தனை தருகிறார்கள் என்று கேளுங்கள். அரசு வேலை ஆசை இருந்தால் ஐடிஐ. ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இல்லாத, சீக்கிரம் சம்பளம் வேண்டிய ஆளுக்கு கூகுள். அக்கா மகனுக்கு நான் சொன்னது கலவை: மெஸ்ஸர் வீடியோவை இன்றே ஆரம்பி, ஆறு மாதம் தெரிந்த கடையில் சும்மாவாவது போய் உட்கார், தேர்வுக் கட்டணத்தை வேலை கேட்கும்போது கட்டிக்கொள்ளலாம். நோட்டீஸை நானே வைத்துக்கொண்டேன்.

வீட்டில் கிடந்த பழைய சிபியு ஒன்றையும் தூக்கிக் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே கரண்ட் தரும் பெட்டியில், பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா பார்க்கச் சொன்னேன். ராத்திரி பத்தரைக்கு போன்.

"மாமா, அதெல்லாம் ஓகே, போர்டுல மாட்டியும் ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளேதான் வரல. மூணு பீப் அடிக்குது."

"ரேமைக் கழட்டு. அதோட காண்டாக்டைத் தேய்க்கணும், வீட்டுல அழிரப்பர் இருக்கா?"

"பாப்பா ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கும். தூங்குறா."

"எழுப்பாம எடு."